பட்டறிவு: ஒரு சொல்லின் வரலாறு



நாள்தோறும் நம் நாவிற் புழங்கும் சொற்களுள் பல, தம் பொருளைத் தம் உடம்பிலேயே தாங்கி நிற்கின்றன. ஆயினும் பழக்க மிகுதியால் நாம் அவற்றை நின்று நோக்குவதில்லை. ‘பட்டறிவு’ என்பது அத்தகைய சொல். ‘அனுபவம் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது?’ என்று தேர்வில் வினவினால், ‘பட்டறிவு’ என்று எழுதி மதிப்பெண் பெறுவோர் பலர். அனுபவமும் பட்டறிவும் ஒன்றுதானா? அச்சொல் எவ்வாறு பிறந்தது? அது நமக்கு உணர்த்துவது யாது? இவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகத் தென்பாண்டி நாட்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூரை அடுத்து, வத்திராயிருப்புக்கு அணித்தாக அமைந்தது சுந்தரபாண்டியம் என்னும் ஊர். பாண்டியர் குலத்தில் அரசர் பலர் தாங்கிய ‘சுந்தரபாண்டியன்’ என்னும் பெயரைத் தன் பெயரிலே தாங்கி நிற்பது. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரின் தறியும், அயலிலுள்ள இராசபாளையத்தின் தெருப்பேச்சும், திருவில்லிபுத்தூரின் அடுப்பும் இச்சொல்லின் பொருளை விளக்க நமக்குத் துணைசெய்யும்.

முதற்கண் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பட்டு, அறிவு என்னும் இரண்டும் சேர்ந்தது பட்டறிவு. ‘பட்டு’ என்றதும் பட்டாடை நினைவுக்கு வருதல் இயல்பு. நெசவூரைப் பற்றிப் பேசும்போது அந்நினைவு இன்னும் விரைந்து வரும். ஆனால் இங்குள்ள ‘பட்டு’ ஆடையைக் குறிக்கும் பெயர்ச்சொல் அன்று. ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகால வினையெச்சம் ஆகும். விடு என்பது விட்டு என்றும், நடு என்பது நட்டு என்றும், பெறு என்பது பெற்று என்றும் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவதை நன்னூல் பயின்ற மாணவர் அறிவர். அம்முறையிலேயே படு என்பது பட்டு என்றாயிற்று. பின்னர், அதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் ‘அறிவு’ என்னும் சொல்லின் முதலிலுள்ள உயிர் வருதலால் நீங்க, எஞ்சிய மெய்யோடு அவ்வுயிர் கூடிப் ‘பட்டறிவு’ என நின்றது. ஆகவே, பட்டு அறிந்த அறிவே பட்டறிவு.

ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, கொல்லன் பட்டறையில் கற்கும் அறிவே பட்டறிவு என்று கூற எவர்க்கேனும் தோன்றலாம். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆனால் சொல் அவ்வாறு பிரியாது. ‘பட்டறை’யை எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பதற்குத் தமிழில் ஓர் உறுப்பும் இல்லை. சொல்லாராய்ச்சியில் முதற்பாடம் இதுவே: செவிக்கு ஒத்திருப்பது போதாது, இலக்கணத்துக்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

இனி, ‘படு’ என்னும் வினையின் பொருள் யாது? தமிழில் இத்துணைப் பரந்த ஆட்சியுடைய வினைகள் சிலவே. கண்ணிற் படுகிறது, காதிற் படுகிறது, வெயில் படுகிறது, கல் பட்டுக் காயம் உண்டாகிறது, வலையில் மீன் படுகிறது என்கிறோம். கடற்கரை மக்கள் வலையில் அகப்பட்டதை ‘மீன்பாடு’ என்றே வழங்குவர். துன்பப்படுதல், வெட்கப்படுதல், ஆசைப்படுதல் என்று உள்ளத்தின் நிலைகளையும் இதே வினையாற் கூறுகிறோம். அகப்படு, உட்படு, புலப்படு, ஈடுபடு, பயன்படு, மேம்படு எனக் கூட்டுவினைகள் விரிந்துகொண்டே செல்கின்றன. உழைப்பைக் குறிக்கும் ‘பாடு’ என்னும் பெயரும் இதன் வழிப்பட்டதே. முதனிலை நீண்டு பெயராயிற்று. ‘பாடுபட்டான்’ என்னுமிடத்துப் பெயரும் வினையும் ஆகிய இரண்டும் ஒரே வேரினவாதல் காண்க.

இவ்வழக்குகள் அனைத்திலும் ஊடுருவி நிற்கும் பொதுப்பொருள் ஒன்று உண்டு. ஒன்று மற்றொன்றைச் சென்று சேர்கிறது. சேர்ந்து அதன்மேல் தாக்குகிறது. தாக்கப்பட்டது முன்போல் இராமல் மாறுகிறது. கற்றான், கேட்டான் என்னும்போது அவன் ஒரு செயலைச் செய்தவனாகிறான். ‘பட்டான்’ என்னும்போதோ, உலகம் அவன்மேல் ஒரு செயலைச் செய்துவிட்டது. இலக்கண நூலார் ‘செய்யப்பட்டது’ என்பதனைச் செயப்பாட்டுவினை என்பர். அவ்வினையை ஆக்குவதற்கும் மொழி இதே ‘படு’ என்னும் சொல்லையே துணையாகக் கொண்டது தற்செயல் அன்று. எனவே, பட்டறிவு என்பது நாம் தேடிச் சென்று கொண்டுவந்த அறிவு அன்று. நம்மை வந்து தாக்கியதிலிருந்து நாம் பெற்றுக்கொண்ட அறிவு.

இவ்வேர் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. இராசபாளையத்தில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிப்பதைக் கேட்கலாம். விசயநகரப் பேரரசுக் காலத்தை ஒட்டித் தெற்கே வந்து குடியேறிய இராசுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவர். கடைத்தெருவில் தமிழ் பேசுவர். தமிழில் ‘கஷ்டப்படு’ என்பது தெலுங்கில் ‘கஷ்டபடு’. தமிழில் ‘பாடுபடு’ என்பது தெலுங்கில் ‘பாட்டுபடு’ என ஒலிப்பது, பொருளும் அதுவே. தனித்து வரும் ‘படு’ என்பதற்குத் தெலுங்கில் விழுதல் என்பதும் பொருள். கன்னடத்திலும் மலையாளத்திலும் இவ்வினை உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்து 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இத்தகைய இனச்சொற்களை ஒருங்கு வைத்துக் காட்டுகிறது. ஒரே ஊரின் இரு மொழிகளில் ஒரு வேர் இன்றும் உயிரோடு ஓடுவதை, நூலகத்துக்குச் செல்லாமலே இராசபாளையத்து மாணவன் காதாற் கேட்டு அறியலாம்.

பட்டறிவுக்குத் தொன்மையான உடன்பிறப்பு ஒன்று தமிழில் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வகைப்படுத்துகிறது. அவற்றுள் முதலாவதான அறிவு, உற்றறிவு. அஃதாவது, உடம்பு உற்று அறியும் ஊற்றுணர்வு. புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாக ஆசிரியர் கூறுவது இது. உறு என்பது உற்று என்றாகி அறிவோடு சேர, உற்றறிவு பிறந்தது. படு என்பது பட்டு என்றாகி அறிவோடு சேர, பட்டறிவு பிறந்தது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. உறுதலும் படுதலும் பொருளாலும் நெருங்கியவை. எல்லா அறிவுக்கும் அடித்தளமாக மெய்யின் தொடுவுணர்வை வைத்த பழந்தமிழ் மரபின் சுவடு, ‘பட்டறிவு’ என்னும் சொல்லிலும் தெரிகிறது எனலாம்.

பிறமொழியார் இதே கருத்தை எவ்வாறு கண்டனர்? ‘அனுபவம்’ வடசொல். ‘அனு’ என்பது பின்பற்றி, உடன் என்னும் பொருளையும், ‘பவ’ என்பது ஆதல், இருத்தல் என்னும் பொருளையும் தருவன. ஒன்றோடு உடனிருந்து உணர்தல் என்பது அதன் உட்பொருள். அதனாற்றான் அச்சொல் துன்பத்துக்கும் பொருந்துகிறது. இன்ப நுகர்ச்சிக்கும் பொருந்துகிறது. நிலத்தை விற்கும் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று எழுதுவர். அவ்விடத்தில் ‘பட்டறிந்துகொள்ள’ என்று எழுதினால் வாங்கியவர் அஞ்சி ஓடிவிடுவார்! ஐரோப்பிய மொழிகளுள் ஆங்கிலச் சொல், முயன்று பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. செருமானியர் வழங்கும் ‘எர்ஃபாருங்’ என்னும் சொல்லில், பயணம் செய்தல் என்னும் வினை அமைந்துள்ளது. வடமொழியார் உடனிருத்தலைக் கண்டனர். இலத்தீனர் முயற்சியைக் கண்டனர். செருமானியர் வழிச்செலவைக் கண்டனர். தமிழர் கண்டது தாக்குறுதலை. நான்கும் உண்மையே. எனினும், அறிவுக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தமிழ்ச்சொல் மறைக்காமற் கூறிவிடுகிறது.

இச்சொல்லை ஆக்கியவர் யார்? புலவர் ஒருவர் அறையில் அமர்ந்து ஆக்கியது என்று எண்ணுதற்கு இடமில்லை. ‘பட்டறி கெட்டறி பத்தெட்டு இறுத்தறி’ என்னும் பழமொழி மக்களிடையே வழங்குவது. பட்டு அறிந்துகொள், கெட்டு அறிந்துகொள், பத்தோ எட்டோ கொடுத்து அறிந்துகொள் என்பது அதன் பொருள். இறுத்தல் என்பது வரி இறுத்தல், கடன் இறுத்தல் என்பவற்றில் வரும் சொல். உடம்பு படும் துன்பம், வாழ்வில் நேரும் இழப்பு, கையிலிருந்து போகும் பொருள் என அறிவுக்கு நாம் கொடுக்கும் மூவகை விலையையும் நான்கு சொல்லில் கூறிவிட்டது அப்பழமொழி. வயலிலும் சந்தையிலும் வாழ்ந்த மக்களின் வாக்கு அது.

1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின்னர், வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் தேடும் முயற்சி பெருகிற்று. அப்போது பட்டறிவு என்னும் சொல் நூல்நடையில் புத்துயிர் பெற்றது. புதிதாக வார்க்க வேண்டிய தேவை எழவில்லை. நாட்டுப்புறத்தில் இருந்ததை எடுத்து ஏட்டில் வைத்தால் போதுமானதாயிற்று.

இவ்வாறு உலக வழக்கை மதித்துச் சொல்லாராய்ந்தவருள் சிறப்பாக நினைக்கத்தக்கவர் தேவநேயப் பாவாணர். 1902-ஆம் ஆண்டில் சங்கரன்கோவிலில் பிறந்த அவர், இளமையில் இராசபாளையத்துக்கு அணித்தான முறம்பில் ஆசிரியப் பணி புரிந்தார். 1940-இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் அகராதியில் விடுபட்டனவற்றையும் பிழைபட்டனவற்றையும் எடுத்துக்காட்டி 1961-இல் தனி நூலே எழுதினார். 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராயிருந்து, 1981 சனவரியில் மதுரையில் மறைந்தார். அவர் காட்டிய வேர்கள் அனைத்தையும் மொழிநூலார் எல்லாரும் ஏற்பதில்லை. ஆயினும், உழவனும் தச்சனும் நெசவாளியும் வழங்கும் சொல்லைத் தாழ்வாக எண்ணாமல் தொகுத்தல் வேண்டும் என்ற அவருடைய நெறியை மறுப்பாரும் இலர்.

அந்நெறியின் தேவையைச் சுந்தரபாண்டியத்துத் தறி நன்கு உணர்த்தும். குழித்தறியில் நெசவாளர் நிலமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழியில் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பார். மிதிக்கேற்ப விழுது ஏறி இறங்கும். பாவு இரண்டாகப் பிரியும். பிரிந்த வழியே நாடா ஊடையைக் கொண்டு செல்லும். அச்சு அதனை இறுக்கும். இவ்வளவையும் ஒரு நூலில் படம் வரைந்து எழுதிவிடலாம். எழுத அரிது மற்றொன்று உண்டு. பாவு நூலுக்குக் கஞ்சி தோய்க்கிறார்கள். கஞ்சி குறைந்தால் இழையில் பிசிர் எழுந்து தறியில் அறுபடும். மிகுந்தால் நூல் விறைத்து முறியும். மழைநாளில் கஞ்சி உலராது. இழையோடு இழை ஒட்டும். வறண்ட காற்று வீசும் நாளில் பருத்தி நூல் வலிவு குன்றி அடிக்கடி அறும். இன்றைய காற்றுக்கு, இந்த நூலுக்கு, எவ்வளவு கஞ்சி வேண்டும்? தேர்ந்த நெசவாளர் இழையை விரலிடையே உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். தொல்காப்பியர் கூறிய உற்றறிவும் மக்கள் கூறிய பட்டறிவும் அவ்விரல் நுனியில் ஒன்றுகூடுகின்றன. எத்தனை பாவுகள் அறுந்து, எத்தனை நாட்கூலி இழந்து அவ்விரல் அதனைக் கற்றிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பத்தெட்டு இறுத்தறிதல் என்பது அதுவே.

திருவில்லிபுத்தூரில் பாற்கோவா கிண்டுவோரும் அவ்வாறே. பாலும் சர்க்கரையும் அளவிட்டு எழுதலாம். சுண்டிவரும் பாலை அடுப்பினின்று இறக்க வேண்டிய அந்த நொடியை ‘பதம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பார்கள். பதம் தவறினால் அடிப்பிடித்துக் காந்திவிடும். பலமுறை காந்தவிட்ட கையே பதம் அறிந்த கையாகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். படுதலே அறிவைத் தருமாயின், ஏட்டுக் கல்வி எதற்கு? தொழில் செய்வோர் பிள்ளைகள் தொழிலைச் செய்தே கற்றுக்கொள்ளலாமே? இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ்நாட்டின் அரசியலையே ஒருகாலத்தில் அசைத்த வினா. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சர் இராசாசி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம், எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பயிலுதல் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதே பள்ளியில், அதே ஆசிரியரைக் கொண்டு இரு வேளையாக இன்னும் பல பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றும், கைத்தொழிலும் ஒரு கல்வியே என்றும் ஆதரித்தோர் கூறினர். தந்தையின் சாதித் தொழிலிலேயே மகனைக் கட்டிவைக்கும் குலக்கல்வி இது என்று எதிர்த்தோர் கூறினர். எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

காமராசர் இப்பகுதி மக்களுக்கு நெருக்கமானவர். விருதுநகரிற் பிறந்தவர், 1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்தே மக்களவைக்குச் சென்றவர். குடும்ப நிலையால் இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர். கடையிலும் போராட்டத்திலும் சிறையிலும் உலகைக் கற்றவர். பட்டறிவு என்னும் சொல்லுக்கு ஒரு மனிதரைச் சான்று காட்டுக என்றால் அவரைக் காட்டலாம். ‘நான் பட்டு அறிந்தேன், நீங்களும் அவ்வாறே அறியுங்கள்’ என்று அவர் கூறியிருக்கலாம். அவரோ ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கினார். பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலே பகலுணவு அளிக்கும் திட்டத்தைப் பரப்பினார். கல்லாமையால் ஒருவன் படும் பாட்டை அவர் பட்டறிந்திருந்தார். தாம் கொடுத்த விலையை அடுத்த தலைமுறையும் கொடுத்தல் வேண்டா என்று எண்ணுவதே அவ்வறிவின் பயன்.

‘பட்ட மரம்’ என்றொரு வழக்கு நம்மிடம் உண்டு. உயிர் வற்றி உலர்ந்த மரம் அது. அங்கும் ‘பட்ட’ என்னும் அதே சொல்தான் வருகிறது. படுதல் ஒருவனை அறிவுடையவனாகவும் ஆக்கலாம். பட்ட மரமாகவும் ஆக்கலாம். ஆகவே, பட்டறிவு என்னும் சொல்லில் ‘பட்டு’ என்பது பாதியே. ‘அறிவு’ என்பது மறுபாதி. பட்டதைத் திரும்ப நோக்கி, காரணம் தேடி, பிறர்க்கும் பயன்படக் கூறும்போதே அது அறிவாகிறது. துன்புற்றோர் எல்லாரும் தாமாகவே அறிவு பெற்றுவிடுகிறார்கள் என்று எண்ணுவது, துன்பத்தைப் போக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடிக்கும் சாக்காக முடியும்.

முன்னோர் பட்டதை நாம் படாமலே அறிவதற்குத்தான் ஏடு பிறந்தது. மருத்துவ நூல் என்பது எத்தனையோ நோயாளர் பட்ட பாட்டின் பதிவு. வரலாற்று நூல் என்பது நாடுகள் பட்டறிந்த அறிவு. ஏட்டையும் பட்டறிவையும் பகையாக நிறுத்துவோர் இரண்டன் இயல்பையும் அறியாதவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். சுரை விதைக்கும் பருவத்தை எழுதிவைத்த ஏடு, அடுத்த ஆண்டுக் கறிக்கு உதவுமன்றோ?

விசைத்தறி பெருகியபின் கைத்தறிகளின் ஒலி தென்னாட்டு ஊர்களில் குறைந்து வருகிறது. நெசவாளர் மக்கள் கல்லூரி சென்று வேறு பணி தேடுகின்றனர். அது வருந்தத்தக்கது அன்று. அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு. வருந்தத்தக்கது வேறொன்று. தறி நிற்கும்போது, விழுது, அச்சு, தார், மிதி என்னும் சொற்களும், விரல்நுனி கற்ற கஞ்சிப் பதமும் உடன் மறைந்துபோகும். அவற்றை எழுதிவைக்கத் தக்கவர், அந்த வீட்டிலே பிறந்து கல்வியும் பெற்ற இளைஞரே. பாட்டனார் பட்டார், பேரன் எழுத்தறிந்தான். இருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசினால், பட்டு என்பதும் அறிவு என்பதும் அங்கே சேரும்.

ஆதலின், மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு உங்கள் ஊரிலுள்ள தறிக்கோ, தச்சுக்கூடத்துக்கோ, வயலுக்கோ செல்லுங்கள். அங்கே வழங்கும் சொற்களைக் கேட்டு, யார் எப்பொருளில் வழங்கினார் என்பதோடு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் யாரோ ஒருவர் கொடுத்த விலை இருக்கிறது. அவ்விலை வீண்போகாமற் காப்பது கற்றவர் கடமை.